சராசரிக்குள் அடங்காதவர்கள்: இலங்கை – இந்தியா வாழ்க்கைத்தர ஒப்பீடு குறித்துச் சில குறிப்புகள்

1

இரண்டு நாடுகளைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, எது வாழத் தகுந்த நாடு என்று கேட்கிற பழக்கம் நம்மிடம் வலுவாகவே இருக்கிறது. 2022இல் இலங்கை அரசு வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கட்ட முடியாது என்று அறிவித்து, பெட்ரோலுக்கும் கேஸுக்கும் பால்மாவுக்கும் சனங்கள் வரிசையில் நின்றபோது, தமிழ்நாட்டில் டீக்கடை பெஞ்சிலிருந்து தொலைக்காட்சி விவாதம் வரை 'நல்லவேளை நாம தப்பிச்சோம்' என்றொரு பெருமூச்சு கேட்டது. அதே 2022ஆம் ஆண்டுக்கான ஐக்கிய நாடுகளின் மனித மேம்பாட்டு அட்டவணையில் இலங்கை 78ஆம் இடத்திலும் இந்தியா 134ஆம் இடத்திலும் இருந்தன என்ற செய்திக்கு அந்தப் பெருமூச்சுக்குள் இடமில்லை.

இதற்கு நேர் எதிரான இன்னொரு பழக்கமும் உண்டு. 1970களிலிருந்து இடதுசாரிகள், வளர்ச்சிப் பொருளாதாரம் பேசுவோர், தன்னார்வக் குழுக்காரர்கள் எல்லோரும் இலங்கையை ஓர் உதாரண நாடாகக் காட்டி வந்திருக்கிறார்கள். தலைவீத வருமானம் குறைவாக இருந்தாலும் சோறும் பள்ளியும் ஆஸ்பத்திரியும் எல்லாருக்கும் கொடுக்க முடியும், இதோ பார் இலங்கை, என்று. இந்த வாதம் பொய்யல்ல. அதன் அரசியல் பயன்மதிப்பும் குறைந்ததல்ல.

ஆனால் பெருமூச்சு விடுகிறவரும் உதாரணம் காட்டுகிறவரும் ஒரு விஷயத்தில் ஒன்றுபடுகிறார்கள். ஒப்பிட வேண்டிய அலகு 'நாடு' என்பதில் இருவருக்கும் சந்தேகமே இல்லை. நாடு என்பது வரைபடத்தில் நிறம் தீட்டிய ஒரு பரப்பு, அதற்குள் இருப்பவர்கள் எல்லோரும் அந்த நாட்டு ஆட்கள், அவர்களைக் கூட்டி வகுத்தால் அந்த நாட்டின் வாழ்க்கைத்தரம் கிடைத்துவிடும் என்று நம்புகிறோம். அந்தப் பரப்புக்குள் நூறாண்டு உழைத்தும் அந்த நாட்டு ஆட்கள் அல்ல என்று சட்டம் போட்டு ஒதுக்கப்பட்டவர்கள் இருந்தால் இந்த வகுத்தல் என்ன ஆகும்? அவர்களையே இரண்டு அரசுகள் உட்கார்ந்து பேசிப் பங்கு போட்டுக்கொண்டால் ஒப்பீடு என்ன ஆகும்? இலங்கைக்கும் இந்தியாவுக்கும் நடுவில் இது கற்பனைக் கேள்வி அல்ல. மலையகத் தமிழர்களின் வரலாறே இந்தக் கேள்விதான். நான் பொருளாதாரம் படித்தவனல்ல, தமிழ் படித்தவன். ஆகவே எண்களை எண்களாக மட்டும் பார்க்காமல், அவற்றை எழுதிவைத்த சொற்களோடு சேர்த்து வாசிக்க முயல்கிறேன்.

2

ஒப்பீட்டுக்கான கருவி எப்படி வந்தது என்பதை முதலில் பார்க்கலாம். 1970களின் நடுவில் வாஷிங்டனிலிருந்த ஓர் ஆய்வு அமைப்புக்காக மோரிஸ் டேவிட் மோரிஸ் என்ற பொருளாதார வரலாற்றாசிரியர் 'பௌதீக வாழ்க்கைத்தரக் குறியீடு' என்ற ஒன்றை உருவாக்கினார். 1979இல் அது புத்தகமாக வந்தது. சிசு மரணம், ஒரு வயதைத் தாண்டிய குழந்தையின் ஆயுள் எதிர்பார்ப்பு, எழுத்தறிவு ஆகிய மூன்றையும் பூஜ்யத்திலிருந்து நூறு வரையான அளவுகோலில் வைத்து, கூட்டி மூன்றால் வகுப்பதுதான் அதன் முறை. பணத்தைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டு உடம்பையும் அறிவையும் மட்டும் பார்க்கிறது என்பது அதன் முற்போக்கான அம்சம்.

இந்தக் கருவியை வைத்துப் பார்த்தபோது இலங்கை எண்பதைத் தாண்டி நின்றது. ஏறத்தாழ அதே தலைவீத வருமானம் கொண்டிருந்த இந்தியா நாற்பதுக்குச் சற்று மேலே. கிட்டத்தட்ட இரண்டு மடங்கு! 1971ஆம் ஆண்டுக் கணக்கை மட்டும் எடுத்தாலும் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். இலங்கையில் ஆயிரம் குழந்தைகள் பிறந்தால் ஒரு வயதுக்குள் இறந்தவை சுமார் 45, இந்தியாவில் 129. இலங்கையில் எழுத்தறிவு 78 சதவிகிதம், இந்தியாவில் 34. இலங்கையர் சராசரியாக அறுபத்தைந்து வயது வரை வாழ்வார் என்று எதிர்பார்த்தபோது இந்தியர் ஐம்பதை எட்டுவதே பாடாக இருந்தது. பின்னால் அமர்த்தியா சென் 1981இல் எழுதிய கட்டுரையில் இலங்கையை முக்கியமான சான்றாக எடுத்துக்கொண்டார். சுதந்திரத்தின்போதே இலங்கை முன்னால்தான் இருந்தது, ஆகவே நலத்திட்டங்களுக்கு இவ்வளவு பெருமை தர வேண்டியதில்லை என்று சுர்ஜித் பல்லா போன்றவர்கள் மறுத்தார்கள். அந்த விவாதம் 1980கள் முழுக்க நடந்தது. விவாதித்த இரு தரப்பும் இலங்கை என்ற மொத்த எண்ணையே கையில் வைத்திருந்தன.

சராசரி என்பது ஒரு கணிதச் செயல் மட்டுமல்ல. அது ஓர் அரசியல் செயலும்கூட. வேறுபாடுகளை அழித்து ஒற்றை எண்ணாக்கி, அந்த எண்ணுக்கு ஒரு தேசத்தின் பெயரைச் சூட்டுகிறது. தேசியவாதம் கொடியாலும் கீதத்தாலும் செய்வதைச் சராசரி கூட்டலாலும் வகுத்தலாலும் செய்கிறது.

3

இலங்கையின் எண் எப்படி எண்பதைத் தாண்டியது? இதை வெறும் அரசின் கருணையாகக் காட்டுவது அபத்தம். 1931இல் டொனமூர் அரசியல் திட்டத்தின் கீழ் இலங்கையில் ஆண், பெண் இருபாலாருக்கும் வயதுவந்தோர் வாக்குரிமை வந்தது. இந்தியாவில் அது நடைமுறைக்கு வந்தது 1951–52 தேர்தலில்தான். 1934–35 மலேரியாக் கொள்ளைநோயில் சுமார் 80,000 பேர் செத்தார்கள். ஓட்டுக் கேட்டுப் போகிறவன் இந்தச் சாவுக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. போர்க்காலமான 1942இல் அரிசிப் பங்கீடு வந்தது. 1945இல் கன்னங்கராவின் முயற்சியில் இலவசக் கல்வி வந்தது. போர் முடிந்த கையோடு நாடு முழுக்க டி.டி.டி. தெளித்தார்கள். 1946இல் ஆயிரத்துக்கு 20 ஆக இருந்த இறப்பு விகிதம் அடுத்த ஆண்டே 14 ஆக இறங்கியது.

வந்த சோற்றைப் பறிக்கப் பார்த்தபோது என்ன நடந்தது என்பது இன்னும் முக்கியம். 1953இல் பங்கீட்டு அரிசியின் விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக ஏற்றினார்கள். ஆகஸ்ட் 12 அன்று ஹர்த்தால். கடைகள் மூடின, ரயில் நின்றது, அமைச்சரவை கொழும்புத் துறைமுகத்தில் நின்ற போர்க்கப்பலில் கூடியது. கொஞ்ச நாளில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார். அதற்குப் பிறகு பல வருஷம் அரிசியில் கைவைக்கக் கட்சிகள் பயந்தன. 1970 தேர்தலில் சந்திரனிலிருந்தாவது இரண்டு கொத்து அரிசி கொண்டுவருவோம் என்று சிறிமாவோவின் அணி பேசியது இந்தப் பயத்தின் இன்னொரு முகம்தான்.

ஆக, இலங்கையின் வாழ்க்கைத்தரம் என்பது ஓட்டு, சோறாகவும் பள்ளிக்கூடமாகவும் மாறிய கதை. ஓட்டுப்போடுகிறவன் அரசை மிரட்டி வாங்கியது அது. இதைக் குறைத்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஆனால் இதையே உண்மையென்று எடுத்துக்கொண்டால் உடனே ஒரு கேள்வி எழும்: ஓட்டு இல்லாதவனுக்கு என்ன ஆயிற்று?

4

கோப்பிக் காலத்திலும், 1869இல் இலைநோய் வந்து கோப்பி அழிந்தபின் தேயிலைக் காலத்திலும், தஞ்சை, திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, ராமநாதபுரம், சேலம் பக்கங்களிலிருந்து கங்காணிகள் ஆள் கட்டிக்கொண்டு போனார்கள். கூலிக்காரன் தோட்டத்தில் கால் வைக்கும்போதே பெயரில் கடன் இருந்தது. ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்குப் போக 'துண்டு' வேண்டும். கடனைத் தீர்த்தால்தான் துண்டு. போனவர்களில் பாதிக்கு மேல் பள்ளர், பறையர், சக்கிலியர். 1946 மக்கள்தொகைக் கணக்கின்படி இலங்கை மக்களில் 11.7 சதவிகிதம் 'இந்தியத் தமிழர்'. 1950களிலும் 60களிலும் நாட்டின் ஏற்றுமதி வருவாயில் பாதிக்கு மேல் தேயிலையிலிருந்து வந்தது. இலவச அரிசிக்கான அன்னியச் செலாவணி எங்கிருந்து வந்தது என்று கேட்டால், பெரும்பகுதி இவர்களின் விரல் நுனியிலிருந்து வந்தது.

1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு இடங்களை வென்றது. மேலும் பல தொகுதிகளில் தோட்டத் தொழிலாளர் ஓட்டு இடதுசாரிகளுக்குக் கைகொடுத்தது. அடுத்த வருஷமே குடியுரிமைச் சட்டம். 1949இல் இந்திய – பாகிஸ்தானியக் குடியிருப்பாளர் சட்டம். அதே ஆண்டில் தேர்தல் சட்டத் திருத்தம். தகப்பனும் பாட்டனும் இலங்கையில் பிறந்ததற்கு ஆவணம் காட்டு என்றால், லயத்தில் பிறந்தவன் எங்கே போவான்? எட்டு லட்சத்துக்கு மேற்பட்டவர்களுக்காக விண்ணப்பங்கள் போயின. ஏறத்தாழ 1,34,000 பேருக்குத்தான் குடியுரிமை கிடைத்தது. இதைத் தமிழ்த் தலைமை ஒருமுகமாக எதிர்த்தது என்றும் சொல்ல முடியாது. 1948இல் ஜி.ஜி. பொன்னம்பலம் அமைச்சரானார், அவரிடமிருந்து பிரிந்த செல்வநாயகம் 1949இல் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். 1952 தேர்தலில் மலையகத்திலிருந்து ஒரு பிரதிநிதிகூட வர முடியவில்லை. 1960களில் தொண்டமான் நாடாளுமன்றத்துக்குப் போனது நியமன உறுப்பினராக. தேர்தலில் வென்று அவர் திரும்ப உள்ளே போனது 1977இல்.

1952க்கும் 1977க்கும் நடுவிலுள்ள இருபத்தைந்து வருஷத்தைக் கவனியுங்கள். இலங்கையின் வாழ்க்கைத்தர எண் உலகப் புகழ் பெற்ற காலம் இதுவேதான். ஓட்டு சோறாக மாறிக்கொண்டிருந்த அந்தக் காலம் முழுக்க மலையகத்தின் பெரும்பான்மைக்கு ஓட்டில்லை.

இதன் விளைவு ரொம்பத் தெளிவானது. இலவசக் கல்வி என்று நாடு கொண்டாடியபோது தோட்டப் பள்ளிக்கூடம் தோட்ட நிர்வாகத்தின் கையிலேயே கிடந்தது. ஒற்றை அறை, ஒற்றை வாத்தியார், ஐந்தாம் வகுப்போடு முடிகிற படிப்பு. அரசு அவற்றை முழுவதும் ஏற்கத் தொடங்கியது 1970களின் பிற்பகுதியில். அரசு மருத்துவம் கிராமம் கிராமமாகப் பரவியபோது தோட்டத்துக்காரனுக்கு இருந்தது வெள்ளைக்காரன் காலச் சட்டத்தின் கீழ் துரை நடத்திய டிஸ்பென்சரி. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா. அதில் ஒரு குடும்பம், சில சமயம் இரண்டு. விடிகாலையில் பிரட்டுக் களத்தில் நின்றால் 'பேர்' விழும். கொழுந்து எடை குறைந்தால் 'அரைப்பேர்'. ஒரு நாள் கூலிக்கு 'பேர்' என்று பெயர் வைத்த மொழி அது. பேர் என்றால் ஆள். அரைப்பேர் என்றால் அரை ஆள். புள்ளிவிவரத்தில் இவர்கள் எப்படி இடம்பெற்றார்கள் என்பதை விளக்க இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குக் கிடைக்கவில்லை.

1973–74இல் உலகச் சந்தையில் அரிசியும் கோதுமையும் விலையேறி, பங்கீடு வெட்டப்பட்டபோது இந்த அரைப்பேர் வாழ்க்கை அம்பலமானது. கிராமத்தில் பலாமரம் உண்டு, மரவள்ளி நட ஒரு துண்டு நிலம் உண்டு. லயத்து வாசலில் என்ன நடுவது? எல்லாம் கம்பெனி மண். வேலைநாள் குறைந்தது, மாவு விலை கூடியது. 1974இல் நாட்டின் சிசு மரணச் சராசரி ஆயிரத்துக்கு ஐம்பதை ஒட்டி இருந்தபோது தோட்டப் பகுதியில் அது நூறைத் தாண்டிவிட்டது. 1973இல் கிரனடா தொலைக்காட்சி எடுத்த ஒரு படம், பிரிட்டன்காரர்களின் தேநீர்க் கோப்பைக்குப் பின்னாலிருந்த பட்டினியை அவர்கள் வீட்டுக்குள்ளேயே காட்டிச் சங்கடப்படுத்தியது. குறியீடு எண்பதைத் தாண்டிய நாட்டுக்குள், இந்தியச் சராசரிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, இன்னொரு நாடு இருந்தது. அதற்கு வரைபடத்தில் நிறம் இல்லை.

5

இனி ஒப்பந்தத்துக்கு வரலாம். 1964 அக்டோபர் 30 அன்று சிறிமாவோவும் லால் பகதூர் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டார்கள். மொத்தம் 9,75,000 பேர். 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும். 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தரும். மிச்சம் 1,50,000 பேரைப் பற்றிப் பின்னால் பேசுவோம். பத்து வருஷம் கழித்து, 1974இல், அந்த மிச்சத்தையும் சரிபாதியாக, 75,000 – 75,000 என்று பிரித்துக்கொண்டார்கள். சொத்துப் பத்திரத்தில் பாகம் பிரிக்கிற மாதிரி. பிரிக்கப்பட்டவர்களிடம் யாரும் கேட்கவில்லை.

கேட்கவில்லை என்றாலும் அவர்கள் பதில் சொன்னார்கள். விண்ணப்பப் படிவம் என்ற ஒரே வழியில். இந்தியாவுக்கென்று ஒதுக்கிய எண்ணிக்கையைவிடக் குறைவானவர்களே இந்தியக் குடியுரிமை கேட்டார்கள். இலங்கைக்கு ஒதுக்கியதைவிட மிகமிக அதிகமானவர்கள் இலங்கையைக் கேட்டார்கள். இரு நாட்டு வாழ்க்கைத்தரத்தையும் தன் தலையை வைத்து ஒப்பிட வேண்டியிருந்த ஒரே கூட்டம் இதுதான். இதை வைத்து, பார்த்தாயா, இலங்கையின் வாழ்க்கைத்தரம்தான் உயர்ந்தது என்று அவர்களே சொல்லிவிட்டார்கள் என்று முடிவு கட்டிவிடலாமா? அவ்வளவு சுலபமில்லை. கேட்டவர்களில் மிகப் பலர் இந்தியாவைப் பார்த்ததே இல்லை. பிறந்த மண், புதைத்த பிணங்கள், தெரிந்த வேலை இதெல்லாம் ஒரு பக்கம். ஊர் என்றால் சேரி என்ற நினைவு, பாட்டன் சொல்லக் கேட்டது, இன்னொரு பக்கம். இவற்றில் எதற்கும் குறியீட்டில் கட்டம் கிடையாது.

ஆட்கள் போகத் தொடங்கினார்கள். ஒப்பந்தம் கையெழுத்தான இரண்டே மாதத்தில், 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பிறகு தலைமன்னாரிலிருந்து ராமேஸ்வரத்துக்குக் கப்பல். இறங்கியதும் மண்டபம் முகாம். இலங்கைக்குப் போகிற கூலிகளைச் சோதித்து நோய்த்தடுப்புக்காக நிறுத்திவைக்க, இலங்கை அரசு இந்திய மண்ணில் நடத்திய அதே முகாம். பாட்டனைச் சோதித்து அனுப்பிய வாசலில் பேரனுக்குக் குடும்ப அட்டை கொடுத்தார்கள். 1984இல் போர்ச் சூழலில் கப்பல் நிற்கும்வரை மூன்று லட்சத்துக்கும் அதிகமானோர் இப்படி வந்து சேர்ந்தார்கள்.

இங்கேதான் சராசரி தன் இன்னொரு வேலையைச் செய்கிறது. 1971இல் இலங்கை மக்களில் 9.3 சதவிகிதமாக இருந்த இந்தியத் தமிழர் 1981இல் 5.5 சதவிகிதம். எண்ணிக்கையில் 11.7 லட்சத்திலிருந்து 8.2 லட்சம். இதில் ஒரு பகுதி 1977 கலவரத்துக்குப் பிறகு வன்னிக்குப் போய், கணக்கெடுப்பில் இலங்கைத் தமிழர் என்று பதிந்துகொண்டவர்கள் என்றாலும் பெரும்பகுதி கப்பலேறியவர்கள்தான். ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இது மாதிரிக் கணக்கு மட்டுமே. ஒரு நாட்டில் பத்தில் ஒரு பங்கு குழந்தைகள் ஆயிரத்துக்கு 100 என்ற விகிதத்திலும், மீதி ஒன்பது பங்கு 45 என்ற விகிதத்திலும் இறந்தால் சராசரி 50.5. அந்தப் பத்தில் ஒரு பங்கில் பாதிப்பேரை நாட்டைவிட்டு அனுப்பிவிட்டால் சராசரி 47.9. ஒரு கிணறு வெட்ட வேண்டாம், ஒரு மருத்துவச்சியைக் கூடுதலாகப் போட வேண்டாம். எண் தானாக முன்னேறிவிடும். போய்ச் சேர்ந்த நாட்டிலோ அறுபது கோடிக்குள் மூன்று லட்சம், அதாவது பத்தாயிரத்துக்கு ஐந்தாறு பேர். அங்கே எண் அசையவே அசையாது. ஆக, கூட்டிக் கழித்தால் ஒரு நாடு முன்னேறியிருக்கிறது, இன்னொன்றுக்கு நட்டமில்லை, ஒரு மனுஷருடைய வாழ்க்கையும் மாறவில்லை.

இலங்கையின் சாதனை முழுக்க இந்தத் தந்திரத்தால் வந்தது என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் அது அயோக்கியத்தனம். ஹர்த்தாலும் பள்ளியும் டி.டி.டி.யும் செய்த வேலை பிரம்மாண்டமானது. சராசரி உயர்வதற்கு இரண்டு வழி உண்டு, வாழ்க்கையை உயர்த்துவது ஒன்று, ஆட்களைக் கழிப்பது இன்னொன்று. அட்டவணையைப் பார்த்து எது எது என்று பிரித்தறிய முடியாது என்பதே நான் சொல்வது.

6

இந்தப் பக்கம் வந்தவர்களுக்கு அரசு வைத்த பெயர் 'தாயகம் திரும்பியோர்'. இரண்டே சொல், இரண்டும் பொய். பார்த்திராத ஊருக்கு எப்படித் 'திரும்புவது'? பாட்டன் பஞ்சத்துக்கும் சாதிக்கும் தப்பி ஓடிய ஊர் எப்படித் 'தாயகம்'? அங்கே இவர்களைக் 'கள்ளத்தோணி' என்றார்கள், 'வடக்கத்தியான்' என்றார்கள். இங்கே 'சிலோன்காரன்'. எந்தப் பெயரும் நிற்கிற இடத்தைச் சொல்லவில்லை. எப்போதும் வேறு இடத்தையே காட்டியது.

இந்தியா கொடுத்தது என்ன? முதலில், ஓட்டு. அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. குறியீட்டில் பாதி மதிப்பெண் வாங்கிய இந்த நாடு 1951லேயே தோட்டத் தொழிலாளர் சட்டம் இயற்றி வீடு, மருத்துவம், பிள்ளைக் காப்பகம் எல்லாம் முதலாளியின் கடமை என்று எழுதி வைத்திருந்தது. நடைமுறை எப்படியிருந்தாலும் எழுத்தில் இருந்தது. அடுத்து, மறுவாழ்வு. 1968இல் நீலகிரியில் தொடங்கி 1976இல் அரசுக் கழகமான 'டான்டீ'யின் தேயிலைத் தோட்டங்கள். புனலூரிலும் சுள்ளியாவிலும் ரப்பர். 1969இல் தாயகம் திரும்பியோருக்காகத் தொடங்கிய ரெப்கோ வங்கி. ஆனால் வந்தவர்களில் பெரும்பாலோருக்குக் கிடைத்தது தோட்ட வேலை அல்ல, வியாபாரக் கடன். தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறித்தவனிடம் கொஞ்சம் பணத்தைக் கொடுத்து, போய் கடை வை என்றால்? பணம் தரகனுக்கும் சாப்பாட்டுக்கும் கரைந்தது. ஆள் மறுபடி மலையைத் தேடி நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் ஏறினான். 1980களில் கொடைக்கானல் மலையில் சீகைமரப் பட்டை உரிக்கிற ஒப்பந்தக்காரர்களிடம் கொத்தடிமைகளாகச் சிக்கியிருந்தவர்களில் இந்தச் சிலோன்காரர்களும் இருந்தார்கள். துண்டுக் கடனிலிருந்து புறப்பட்ட ஒரு குடும்பம் நூறு வருஷம் சுற்றி முன்பணக் கடனில் வந்து நின்றது.

இன்னொரு விஷயம், நம்முடைய புள்ளிவிவரக்காரர்கள் தொடவே தயங்குவது. லயத்திலும் சாதி இருந்தது. உயர்சாதிக்கு ஒரு லயம், தாழ்ந்த சாதிக்கு ஒரு லயம் என்று இருந்தது. பெரிய கங்காணி எந்தச் சாதி என்று சொல்லத் தேவையில்லை. ஆனாலும் கொழுந்துத் தராசும் பேர் கணக்கும் சாதி பார்க்கவில்லை. ஊர் – சேரி என்று நிலத்திலேயே கோடு கிழித்த கிராமம் அங்கே இல்லை. இங்கே வந்த தலித் குடும்பம் அந்தக் கோட்டை முதல்முதலாகப் பார்த்தது. எந்தத் தெருவில் செருப்புப் போடலாம், எந்த டீக்கடையில் எந்தக் குவளை என்பதை நாற்பது வயதில் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. இதைப் பூஜ்யத்திலிருந்து நூறுக்குள் எப்படி வைப்பது? கோத்தகிரி, கூடலூர்ப் பக்கம் வயதானவர்கள் சிலோனைப் பற்றிப் பேசும்போது குரலில் ஏறுகிற ஏக்கத்தை வெறும் பழைய நினைவு என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. அது ஓர் ஒப்பீடு. நம் அட்டவணைகளில் இல்லாத ஒரு கட்டத்தை நிரப்புகிற ஒப்பீடு. அதே வாயால் அவர்கள் துரையையும் அரைப்பேரையும் 1977 கலவரத்தையும் சபிக்கவும் செய்வார்கள். இரண்டும் உண்மை.

7

கடைசியாக, அங்கேயே தங்கியவர்களைப் பற்றி. 1977இல் நாடாளுமன்றப் பிரதிநிதித்துவம் திரும்பியது. தோட்டப் பள்ளிகள் அரசிடம் போயின. 1984 வேலைநிறுத்தத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் சமகூலி கிடைத்தது. 1986, 1988, கடைசியாக 2003ஆம் ஆண்டுச் சட்டங்களால் நாடற்ற நிலை ஒருவழியாக முடிந்தது. தோட்டத்தில் சிசு மரணமும் இந்தக் காலத்தில்தான் வேகமாக இறங்கியது. ஓட்டில்லாதபோது வராத ஆஸ்பத்திரி ஓட்டு வந்ததும் மெல்ல மலையேறியது. மூன்றாம் பகுதியில் சொன்ன விதி இங்கேயும் பொருந்துகிறது. ஆனால் எவ்வளவு தூரம்? 2019 குடும்ப வருமான – செலவுக் கணக்கெடுப்பின்படி இலங்கையில் வறுமைக் கோட்டுக்குக் கீழே 14.3 சதவிகிதம், தோட்டப் பகுதியில் மட்டும் 33.8. நாள் சம்பளம் ஆயிரம் ரூபாய் என்ற கோரிக்கை பல வருஷப் போராட்டத்துக்குப் பிறகு 2021இல்தான் அரசிதழில் ஏறியது. அடுத்த வருஷமே விலைவாசி அதை விழுங்கியது. 2023இல் மலையகம் 200 என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தார்கள். காணி உரிமையும் வீட்டு முகவரியும் அப்போதும் கோரிக்கையாகவே இருந்தன.

இந்தப் பக்கம் நிலைமை என்ன? 2022இல் டான்டீயின் 2,000 ஹெக்டேருக்கு மேற்பட்ட நிலத்தை வனத்துறைக்குத் திருப்பிக் கொடுக்கத் தமிழக அரசு முடிவெடுத்தபோது, 'மறுவாழ்வு' பெற்றவர்கள் மறுபடி எங்கே போவது என்ற கேள்வியோடு தெருவுக்கு வந்தார்கள். 1983க்குப் பிறகு அகதியாக வந்தவர்களிலும் கணிசமானோர் மலையக வம்சாவளியினர். பாட்டன் புதுக்கோட்டைக்காரன், பேத்தி பிறந்தது தமிழ்நாட்டு முகாமில். ஆனாலும் 2019ஆம் ஆண்டுக் குடியுரிமைத் திருத்தச் சட்டம் பெயர் சொன்ன மூன்று நாடுகளில் இலங்கை இல்லை. அந்தப் பேத்தியின் எடையும் படிப்பும் எந்த நாட்டுச் சராசரியில் சேர்கின்றன?

எந்த நாடு தேவலை என்ற கேள்வியைக் கைவிட வேண்டும் என்று நான் வாதாடவில்லை. இலங்கையின் எண்பதும் இந்தியாவின் நாற்பதும் நம் அரசிடம் கேட்க வேண்டிய கேள்விகளை நமக்குக் கொடுத்தன, இன்னமும் கொடுக்கின்றன. ஆனால் அந்த எண்களை எடுத்துப் பேசுகிற தோழர்கள் கூடவே மூன்று விஷயங்களைக் கேட்க வேண்டும். அந்த வருஷத்தில் அந்த நாட்டில் யாருக்கு ஓட்டு இருந்தது? அந்த எண் உயர்ந்த வருஷங்களில் யார் வெளியே அனுப்பப்பட்டார்கள்? போய்ச் சேர்ந்த இடத்தில் அவர்களை யாராவது எண்ணினார்களா? மூன்றாவது கேள்விக்கான பதிலை எந்த ஐ.நா. அறிக்கையும் தரப்போவதில்லை. மண்டபத்தில் கொடுத்த குடும்ப அட்டைகள், கப்பல் சீட்டுகள், ரெப்கோ கடன் தாள்கள், டான்டீ சம்பளச் சீட்டுகள் இவற்றைத் தேடிச் சேர்க்கிற வேலையை நம்மில் சிலராவது செய்தாக வேண்டும். கப்பலில் வந்தபோது இருபது வயதாக இருந்தவர்கள் இன்று அறுபதைத் தாண்டிவிட்டார்கள். அவர்கள் இருக்கும்போதே அது நடக்க வேண்டும்.